அழுகையை அடக்கிய மருந்து

போதைக்கு அடிமையானவர் என்றதும் நம் மனத்தில் எழுவது பெரும்பாலும் ஓர் ஆணின் உருவம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கு அபினுக்கும் மார்ஃபினுக்கும் அடிமைப்பட்டவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். அவர்களில் பலர் வசதியான குடும்பத்தினர். அவர்களுக்கு அப்பழக்கத்தைத் தந்தவர் கள்ளக் கடத்தல்காரர் அல்லர், குடும்ப மருத்துவர்.

மாதவிடாய் வலி, பேறுகால நோவு, தூக்கமின்மை, ‘நரம்புத் தளர்ச்சி’ எல்லாவற்றுக்கும் அபினே மருந்தாக இருந்தது. அதைச் சாராயத்தில் கரைத்த லாடனம் கடைகளில் எளிதாகக் கிடைத்தது. 1850களில் ஊசி வந்தபின் மார்ஃபின் நேரே உடலில் ஏறியது. வலி மரத்துப்போனது, வலியின் காரணத்தை யாரும் கேட்கவில்லை. மதுக்கடைக்குள் நுழைந்தால் மானம் போய்விடும் என்று அஞ்சிய பெண்ணுக்கு மருந்துப் புட்டி வீடு தேடி வந்தது. இங்கிலாந்திலும் இதே கதைதான். கவிஞர் எலிசபெத் பாரெட் பிரௌனிங் இளமையிலிருந்தே அபின் உட்கொண்டார். ஓவியரும் கவிஞருமான எலிசபெத் சிடல் 1862இல் அளவு மீறிய லாடனத்தால் இறந்தார்.

குழந்தைகளும் தப்பவில்லை. ‘மிஸஸ் வின்ஸ்லோஸ் சூதிங் சிரப்’ பல் முளைக்கும் குழந்தையின் அழுகையை நிறுத்தும் என்று விளம்பரம் செய்தார்கள். அதில் இருந்தது மார்ஃபின். ஒரு தாயின் பெயரில் வந்த மருந்தைத் தாய்மார் நம்பி ஊட்டினார்கள். சில குழந்தைகள் கண் விழிக்கவேயில்லை. இத்தகைய மருந்துகளில் அபின், மார்ஃபின் கலந்திருப்பதைப் புட்டியில் அச்சிட வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் 1906இல்தான் வந்தது. 1914இல் ஹாரிசன் சட்டம் வந்தபின் மருத்துவர்கள் மெல்ல மெல்லக் கைவிரித்தார்கள். நேற்றுவரை நோயாளியாக இருந்தவள் குற்றவாளியானாள்.

பாடம் கற்றார்களா? 1963இல் வாலியம் விற்பனைக்கு வந்தது. பதற்றம், சலிப்பு, வீட்டுவேலையின் களைப்பு என்று சொன்ன பெண்களுக்கெல்லாம் அதையே எழுதிக்கொடுத்தார்கள். 1978இல் அமெரிக்காவில் மட்டும் 200 கோடிக்கும் மேற்பட்ட மாத்திரைகள் விற்றன. அதே ஆண்டில் முன்னாள் அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டு, தாம் மாத்திரைக்கும் மதுவுக்கும் அடிமையாகியிருந்ததை வெளிப்படையாகச் சொன்னார். 1982இல் அவர் பெயரால் சிகிச்சை மையம் ஒன்று தொடங்கப்பட்டது. ஒரு பெண் வாய் திறந்ததால் மற்றப் பெண்களுக்கும் சிகிச்சை தேடும் துணிவு வந்தது.

அடிமைத்தனம் ஒழுக்கக்கேடு அன்று. உடல் மருந்துக்குப் பழகும். பழைய அளவு போதாமல் போகும். நிறுத்தினால் நடுக்கமும் உறக்கமின்மையும் வரும். வாலியம் போன்றவற்றை நெடுநாள் உட்கொண்டு திடீரென நிறுத்தினால் வலிப்பும் வரலாம். மருத்துவத் துணையோடு படிப்படியாகவே குறைக்க வேண்டும். இதை அறியாமல் ‘மனவுறுதி இல்லாதவள்’ என்று ஏசுவது கொடுமை.

வலிக்கிறது என்று ஒரு பெண் சொன்னால் முதலில் காரணத்தைக் கேட்க வேண்டும். மாத்திரை எழுதிக் கொடுத்தால் எத்தனை நாளைக்கு, பழக்கமாகுமா, எப்படி நிறுத்துவது என்று கேட்பது நம் உரிமை. அன்றைய பெண்களுக்கு இந்தக் கேள்விகளுக்கான பதிலை யாரும் சொல்லவில்லை.