வயதான பூனை நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறதா? தைராய்டைக் கவனிங்க

நீங்கள் சென்னையிலோ பெங்களூருவிலோ வேலையில் இருக்கிறீர்கள். போடிமெட்டு வீட்டில் அம்மாவோடு இருக்கும் பூனைக்கு 13 வயது. வீடியோ காலில் அம்மா சொல்கிறார்: "வயசாயிருச்சுல்லப்பா, இளைச்சுப் போச்சு. ஆனா முன்னைவிட ரெண்டு பங்கு சாப்பிடுது."

சாப்பிடுகிறதே என்று நிம்மதியாகிவிடாதீர்கள். நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவதுதான் ஹைப்பர்தைராய்டிசத்தின் முக்கிய அறிகுறி. 4 கிலோ பூனை 400 கிராம் இளைப்பது, 60 கிலோ மனிதர் 6 கிலோ இளைப்பதற்குச் சமம். வீட்டில் ஏலக்காய் நிறுக்கும் தராசு இருந்தால், கூடையோடு வைத்து மாதம் ஒருமுறை எடை பார்க்கச் சொல்லுங்கள்.

கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி பெருத்து, ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரப்பதுதான் இந்த நோய். பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. 10 வயதைத் தாண்டிய பூனைகளுக்கே அதிகம் வருகிறது. இரவில் காரணமில்லாமல் கத்துவது, வாந்தி, பேதி, நிறைய தண்ணீர் குடிப்பது, நெஞ்சில் கை வைத்தால் படபடவென்று துடிப்பது ஆகியவையும் இருக்கலாம். பூனை திடீரென்று சுவரில் முட்டினால் தாமதிக்க வேண்டாம். ரத்த அழுத்தம் ஏறிப் பார்வை போயிருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

இன்னொன்று. அம்மா சாப்பிடும் தைராய்டு மாத்திரையைப் பூனைக்குக் கொடுத்துவிடாதீங்க. அது பெரும்பாலும் ஹார்மோன் குறைவுக்கான தைராக்ஸின். இங்கே பிரச்சினையே ஹார்மோன் அதிகமாக இருப்பதுதான்.

எங்கே, எப்படிக் கண்டுபிடிப்பது?

டி4 என்ற ரத்தப் பரிசோதனைதான் முதல் படி. தொடக்க நிலையில் அது நார்மல் என்று வரலாம், அதனால் சந்தேகம் தீராவிட்டால் சில வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். சர்க்கரை நோயிலும் பூனை இதேபோல இளைக்கும் என்பதால் அதையும் பார்ப்பார்கள். 2020-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி தேனியில் இருக்கிறது. ஆனால் மலையிறங்க 17 கொண்டை ஊசி வளைவுகள்! கூடையைத் துணி போட்டு மூடிக் கொண்டுபோனால் பூனை கொஞ்சம் அமைதியாக வரும்.

சிகிச்சையில் ஒரு சிக்கல்

மெத்திமசோல் அல்லது கார்பிமசோல் மாத்திரைதான் நம் ஊரில் நடைமுறைக்கு ஏற்றது. மனிதர்களுக்குக் கொடுக்கும் மருந்துதான், ஆனால் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆயுள் முழுக்கத் தொடர வேண்டியிருக்கும்.

சிக்கல் சிறுநீரகத்தில். அதிகமான ஹார்மோன் சிறுநீரகத்துக்குக் கூடுதல் ரத்தத்தைத் தள்ளுகிறது. தசையும் கரைவதால் கிரியாட்டினின் குறைவாகக் காட்டும். சிறுநீரகம் கெட்டிருந்தாலும் ரிப்போர்ட்டில் தெரியாது. மருந்து வேலை செய்ததும் மறைந்திருந்த நோய் வெளியே வரும். "மாத்திரைதான் கிட்னியைக் கெடுத்துருச்சு" என்று பலரும் நிறுத்திவிடுவது இங்கேதான். நிறுத்தாதீங்க. குறைந்த அளவில் தொடங்கி, 2 முதல் 4 வாரத்தில் டி4, சிறுநீரகம், ரத்த அணுக்கள் மூன்றையும் பரிசோதித்து டாக்டர் அளவை மாற்றுவார். வாந்தி, சாப்பிடாமல் இருப்பது, முகத்தைச் சொறிந்துகொண்டே இருப்பது ஆகியவை மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம். உடனே போன் பண்ணுங்க.

வெளிநாடுகளில் கதிரியக்க அயோடின் ஊசி ஒரே தடவையில் பெரும்பாலான பூனைகளைக் குணமாக்குகிறது. இங்கே பூனைக்கு அது கிடைப்பது அரிது. அறுவை சிகிச்சையும் உண்டு, ஆனால் வயதான பூனைக்கு மயக்க மருந்து ரிஸ்க். அயோடின் குறைந்த தனி உணவு என்றால், அதை மட்டுமே சாப்பிட வேண்டும். தோட்டத்தில் எலி பிடித்துத் தின்னும் பூனைக்கு அது சரிப்படாது.

மாத்திரையை உடைக்காமல் கொடுங்கள், கொடுத்ததும் கையைக் கழுவுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால், மாத்திரையையும் பூனையின் மலத்தட்டையும் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.