நிக்ஷய்: காசநோய்ச் சிகிச்சையின் இணையவழிப் பதிவு

நிக்ஷய் என்பது இந்தியாவில் காசநோய் கண்டறியப்பட்டோரின் சிகிச்சை விவரங்களைப் பதிவு செய்யும் தேசிய இணையவழித் தகவல் அமைப்பாகும். இது 2012-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. காசநோயாளிகள் குறித்து அரசுக்குத் தெரிவிப்பது தனியார் மருத்துவர்களுக்கும் அதே ஆண்டில் கட்டாயமாக்கப்பட்டது.

ஏன் தேவைப்பட்டது?

முன்னர் நோயாளியின் விவரங்கள் சிகிச்சை அட்டையிலும் காகிதப் பதிவேட்டிலும் மட்டுமே இருந்தன. பிழைப்புக்காக வேறு ஊர் சென்றவர் மருந்தைத் தொடர்கிறாரா என்பதை அறிவது கடினமாக இருந்தது. சிகிச்சையை இடையில் நிறுத்தினால் நோய் மீண்டும் வரலாம்; மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாகவும் மாறலாம்.

எவ்வாறு பயன்படுகிறது?

பதிவு செய்யப்படும் ஒவ்வொருவருக்கும் நிக்ஷய் அடையாள எண் வழங்கப்படுகிறது. பரிசோதனை முடிவுகளும் மருந்து விவரங்களும் இவ்வெண்ணின் கீழ் சேர்க்கப்படுகின்றன. நோயாளி இடம் மாறும்போது அவரது பதிவும் புதிய சிகிச்சை நிலையத்திற்கு மாற்றப்படுகிறது. சிகிச்சைக் காலத்தில் மாதம் ரூ.1,000 வீதம் கணக்கிடப்படும் ஊட்டச்சத்து உதவித்தொகையும் இப்பதிவின் அடிப்படையிலேயே வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது.

நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் கவனிக்க வேண்டியவை

• அடையாள எண்ணைக் கேட்டுப் பெற்றுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.
• கைப்பேசி எண், முகவரி, வங்கிக் கணக்கு மாறினால் உடனே தெரிவியுங்கள்.
• வெளியூர் செல்லும் முன் சுகாதாரப் பணியாளரிடம் கூறிப் பதிவை மாற்றச் செய்யுங்கள். பதிவு மாறும் வரைக்கும் தேவையான மருந்தைக் கேட்டுப் பெறுங்கள்.
• தனியார் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றாலும் பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள்.

ஐயங்களுக்கு: கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-6666.