பாலை வழியில் ஒட்டக வரிசையும் டிரெய்லரும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றைக் கல்வெட்டும் செப்பேடும் மட்டுமே சொல்வதில்லை. அன்றாடம் நாவில் புழங்கும் சொற்களும் சொல்கின்றன. வெற்றிலைக்குன்று என்பதே வத்தலக்குண்டு என மருவியது என்பர். ஊர்ப் பெயரைப் பிரித்துப் பார்த்தால் வெற்றிலைக் கொடிக்கால் கண்ணில் படுகிறது. அரபு மொழியில் வாகனங்களைக் குறிக்கும் சொற்களை இவ்வாறு பிரித்துப் பார்த்தால் பாலைவனத்தின் போக்குவரத்து வரலாறே தென்படும்.

இழுத்துச் செல்லப்படும் டிரெய்லருக்கு அரபு எழுத்து வழக்கில் ‘மக்தூரா’ என்று பெயர். ரயில் வண்டிக்கு ‘கிதார்’ என்று பெயர். (இசைக்கருவிக்கும் இச்சொல்லுக்கும் தொடர்பில்லை.) இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. ‘லிஸானுல் அரப்’ என்னும் பேரகராதியைத் தொகுத்த இப்னு மன்ளூர் ஹிஜ்ரி 711இல் (கி.பி. 1311) மறைந்தவர். ரயிலும் டிரெய்லரும் கனவிலும் இல்லாத காலம் அது. அவருடைய அகராதியில் கிதார் என்பது ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றால் பிணைக்கப்பட்ட ஒட்டக வரிசை. துளியைக் குறிக்கும் ‘கத்ரா’வும் இதே வேரைச் சேர்ந்ததுதான்.

ஆக, சுமையை ஒன்றோடொன்று பிணைத்து, முன்னே செல்வதைக் கொண்டு பின்னே வருவதை நடத்தும் முறை, பாலைக்கு மோட்டார் கொண்டுவந்த புதுமையன்று. முன்பு கயிறு செய்த வேலையை இன்று இரும்புக் கொக்கி செய்கிறது.

சக்கரம் ஏன் விலகியது?

இங்கே ஒரு வினா எழுகிறது. சக்கரத்தை அறிந்திருந்த மேற்காசியா அதை ஏன் கைவிட்டது? இராக்கிலும் ஷாமிலும் பழங்காலத்தில் தேர்களும் பார வண்டிகளும் ஓடின. ரோமானியர் அமைத்த கல்பாவிய சாலைகளின் எச்சங்கள் சிரியாவில் இன்றும் உள்ளன. ஆயினும் இஸ்லாம் தோன்றுவதற்கு முந்தைய சில நூற்றாண்டுகளிலேயே அந்நாடுகளில் வண்டிகள் படிப்படியாக மறையத் தொடங்கிவிட்டன.

இதனை நாகரிகத்தின் வீழ்ச்சி என்று கருதியோர் உண்டு. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் புல்லியட் 1975இல் வெளியிட்ட ‘ஒட்டகமும் சக்கரமும்’ என்ற நூலில் வேறு விளக்கம் தந்தார். வடஅரேபியர் உருவாக்கிய சேணம் ஒட்டகத்தின் ஆற்றலை முழுமையாகப் பயன்படுத்த வழி செய்தது. சுமார் 150 முதல் 200 கிலோ வரை சுமக்கும் ஒட்டகத்துக்குச் சாலை வேண்டியதில்லை; அச்சும் ஆரக்காலும் செய்ய மரம் வேண்டியதில்லை. பல ஒட்டகங்களை ஒரே ஆள் நடத்திச் செல்லலாம். கணக்குப் பார்த்த வணிகர்கள் மலிவானதைத் தேர்ந்தார்கள் என்பதே அவருடைய முடிவு.

இதனைப் புரிந்துகொள்ள நாம் பாலைவனம் வரை போக வேண்டியதில்லை. 1910களில் மலைப்பாதை மோட்டார் வண்டிகளுக்குத் திறக்கப்படும் முன், கோடைக்கானல் செல்வோர் அம்மையநாயக்கனூரில் ரயிலிலிருந்து இறங்கி, மாட்டு வண்டியில் வத்தலக்குண்டு வழியாகப் பெரியகுளம் பக்கத்து மலையடிவாரத்தை அடைவர். அங்கே சக்கரம் நின்றுவிடும். அதற்குமேல் மட்டக்குதிரையும் மனிதத் தோளும்தான். சாலை முடியும் இடத்தில் சக்கரத்தின் ஆட்சியும் முடிகிறது.

பாலைவழிக்கு இன்றியமையாதது வழவழப்பான தரையன்று; தண்ணீர். கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் துணைவியார் ஸுபைதா (இறப்பு ஹிஜ்ரி 216, கி.பி. 831) கூஃபாவிலிருந்து மக்கா செல்லும் ஹஜ் வழியில் கிணறுகளுக்கும் நீர்த்தேக்கங்களுக்கும் பெரும்பொருள் செலவிட்டார். ‘தர்ப் ஸுபைதா’ என்று அவ்வழி இன்றும் அவர் பெயரால் வழங்குவது அதனால்தான்.

சக்கரம் திரும்பியது

முதல் உலகப்போருக்குப் பின் சக்கரம் ரப்பர் டயருடன் பாலைவனத்துக்குத் திரும்பியது. நியூசிலாந்தைச் சேர்ந்த நார்மன் நேர்ன், ஜெரால்ட் நேர்ன் என்னும் சகோதரர்கள் 1923 ஏப்ரலில் திமிஷ்கிலிருந்து பக்தாதுக்குக் கார்களில் சோதனைப் பயணம் சென்றனர். அவ்வாண்டு அக்டோபரில் முறையான தபால் சேவையைத் தொடங்கினர். ஏறத்தாழ 850 கி.மீ. தொலைவுள்ள அவ்வழியில் போடப்பட்ட சாலை என்று எதுவுமில்லை. அதற்கு முன் பக்தாதிலிருந்து லண்டனுக்குச் செல்லும் தபால் பம்பாய் வழியாகக் கடலைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது.

நேர்ன் சகோதரர்களின் துணிவைப் பேசும் எழுத்துகள் பல. வழியைக் காட்டியவர் யார் என்பதைச் சில மட்டுமே பேசுகின்றன. நஜ்திலிருந்து வந்து திமிஷ்கில் வணிகம் செய்த முஹம்மது இப்னு பஸ்ஸாம் அம்முயற்சிக்குத் துணைநின்றார். நீர் கிடைக்கும் இடம், கோத்திரங்களின் எல்லை, மழைக்குப் பின் சேறாகும் தாழ்நிலம் ஆகியவை அவரைப் போன்ற ஒட்டக வணிகர் தலைமுறை தலைமுறையாகக் கற்றவை. கோடையில் பளிங்குபோல் இறுகிக் காரை விரைந்து ஓடவிடும் களிமண் வெளி, மாரியில் அச்சு வரை புதைத்துவிடும். நடுவழியில் பயணிகள் தங்கிய ருத்பாவும் ஒரு கிணற்றுத் துறையே. ஸுபைதா அறிந்த உண்மையை மோட்டாரும் மீற முடியவில்லை.

பயணிகள் பெருகவே பேருந்துகள் வந்தன. 1930களில் இழுவை வாகனத்தின் பின்னே பயணிகள் டிரெய்லரைப் பூட்டும் முறை வந்தது. 1937இல் துருப்பிடிக்காத எஃகால் ஆன, குளிரூட்டப்பட்ட டிரெய்லர்கள் அவ்வழியில் ஓடின. மேடுபள்ளத்தில் நீண்ட ஒற்றைச் சட்டம் முறுக்குண்டு விரிசல் விடும். இரண்டாகப் பிரித்து மூட்டு வைத்தால் நிலத்தின் போக்குக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும். எடையும் பல அச்சுகளில் பரவும். ஒட்டகத்தின் அகன்ற பாதம் மணலில் புதையாமல் நடப்பதும் எடை பரவும் இதே நியதியால்தான்.

சுமையும் நீதியும்

டிரெய்லரை ஏற்றுவதில் ஒரு நுட்பம் உண்டு. பின்பாரம் மிகுந்தால் அது பாம்புபோல் ஆடி, இழுக்கும் வண்டியையே புரட்டிவிடும். முன்பாரம் அளவு கடந்தால் முன்வண்டியின் பின்னச்சு அழுந்தும். நம் பகுதியின் மாட்டு வண்டிக்காரரும், தேங்காய் ஏற்றும் டிராக்டர்காரரும் நன்கறிந்த பாடம் இது. ஒட்டகக்காரர் இதை இருபுறச் சமநிலையாக அறிந்திருந்தார். ஒட்டகத்தின் ஒரு பக்கச் சுமைக்கு அரபியில் ‘இத்ல்’ என்று பெயர்; மறுபக்கச் சுமைக்கு அது நிகராயிருக்க வேண்டும். நீதியைக் குறிக்கும் ‘அத்ல்’ இதே வேரில் பிறந்த சொல். நீதி என்னும் கருத்தை அம்மக்கள் சுமையேற்றும் முற்றத்தில் நாள்தோறும் கண்ணால் கண்டார்கள்.

இம்மாற்றத்தில் இழப்பும் இருந்தது. காரும் லாரியும் பரவப் பரவ, ஒட்டகம் வளர்த்தும் வாடகைக்கு விட்டும் வாழ்ந்த குடும்பங்கள் பிழைப்பை இழந்தன. வழிகாட்டிய அறிவே வழிகாட்டியவரை வேண்டாதவராக்கியது. நேர்ன் நிறுவனமும் 1950களின் இறுதிக்குப் பின் நிலைக்கவில்லை.

இன்று வளைகுடா நாடுகளில் டிரெய்லர் ஓட்டுவோரில் தமிழ் முஸ்லிம் இளைஞர்களும் உள்ளனர். 2021 டிசம்பரில், ருப்உல் காலீ பெரும்பாலையைக் கடந்து சவூதி அரேபியாவையும் ஓமானையும் இணைக்கும் நேர்ச்சாலை திறக்கப்பட்டது. அங்கெல்லாம் பேச்சு வழக்கில் டிரெய்லருக்குத் ‘திரேலா’ என்பர். மக்தூரா ஏட்டில்தான் மிகுதி. கடன்பெற்ற சொல் அன்றாடத்தை ஆள, சொந்தச் சொல் வரலாற்றைக் காக்கிறது.

‘எல்லாம் நம்மவர் கண்டது’ என்ற பெருமிதமும், ‘எல்லாம் மேலை நாட்டார் தந்தது’ என்ற தாழ்வுணர்ச்சியும் வரலாற்றைச் சிதைப்பவை. எஞ்சினும் எஃகும் மேற்கிலிருந்து வந்தன. வழியும் கிணறும் பிணைக்கும் கலையும் பாலையில் முன்பே இருந்தன. நம் அரபிக் கல்லூரிகளில் ‘ஸய்யாரா’ என்றால் கார் எனக் கற்பிக்கிறோம். கிணற்றிலிருந்து நபி யூஸுஃப் (அலை) அவர்களை மீட்ட பயணக் கூட்டத்துக்குத் திருக்குர்ஆன் இட்ட பெயரும் அதுவே என்பதை அடுத்த வரியிலேயே சொல்லிவிட்டால், மாணவர் ஒரு சொல்லோடு ஒரு வரலாற்றையும் பெறுவார்.