பொல்பிட்டியவின் நீரும் பொது நிரலும்

கித்துல்கலைக்கு மேலே, மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கூடிக் களனி கங்கையாகும் இடத்திற்கு அருகில் உள்ளது பொல்பிட்டிய மின்நிலையம். 1969இல் இயங்கத் தொடங்கிய இந்நிலையத்திற்கெனத் தனியாகப் பெரிய நீர்த்தேக்கம் எதுவும் இல்லை. காசல்ரீ நீர் விமலசுரேந்திர, பழைய லக்ஷபான நிலையங்களைச் சுழற்றிவிட்டு வருகிறது. மவுசாக்கலை நீர் கெனியன், புதிய லக்ஷபான நிலையங்களைக் கடந்து வருகிறது. இரண்டும் லக்ஷபான குளத்தில் கலந்து, சுரங்கவழியே பொல்பிட்டியவை அடைகின்றன. (மவுசாக்கலைக்காக மூழ்கடிக்கப்பட்ட பழைய மஸ்கெலியாவின் கோவில், நீர் வற்றும் காலத்தில் இன்றும் தலைகாட்டுகிறது.) மேலே மதகை மூடுபவர் கீழே இருப்பவரை நினைக்க வேண்டும். அதே 1969இல் அமைக்கப்பட்ட மின்சார சபையின் கையில் அனைத்தும் இருந்தமையால் அது இயன்றது.

இணையச் செயலிகளும் இவ்வாறே பிறர் நீரில் இயங்குகின்றன. பல செயலிகள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் ஒன்று எங்கோ மேலே இருக்கும். அதனை உடன் எடுத்துச் செல்வதா, வேண்டும்போது அங்கிருந்து பெறுவதா என்ற கேள்வி கணினி அளவுக்குப் பழையது.

1949இல் கேம்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினிக்குத் துளையிட்ட காகித நாடாக்களாலான நிரல் நூலகம் ஒன்று இருந்தது. வேண்டிய துணைநிரலின் நாடாவை எடுத்துத் தம் நாடாவிலேயே பிரதி செய்துகொள்வர். பின்னர் நூலகத்தில் எது மாறினாலும் அவர்களது வேலை குலையாது. ஆனால் நூலகத்தில் செய்த திருத்தமும் அவர்களைச் சென்றடையாது. ஒரே பிரதியைப் பலரும் பகிரும் முறை பிற்காலத்தில் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பகிர்வின் ஆபத்து 2016 மார்ச் 22இல் தெரிந்தது. பெயர் ஒன்றைப் பற்றிய தகராறில் மனங்கசந்த நிரலர் ஒருவர், என்பிஎம் களஞ்சியத்திலிருந்து தமது நிரல்கள் அனைத்தையும் விலக்கிக்கொண்டார். அவற்றுள் ‘லெப்ட்-பேட்’ என்ற பதினொரு வரி நிரலும் ஒன்று. ஏற்கெனவே இயங்கிய தளங்கள் விழவில்லை. ஆனால் புதிதாக ஏற்ற முயன்ற ஆயிரக்கணக்கான செயலிகள் நின்றுபோயின. சுமார் இரண்டு மணி நேரத்தில் அது மீட்கப்பட்டது.

2021 டிசம்பரில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. ‘லாக்4ஜே’ நிரலில் பெரும் பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. திருத்தம் விரைவிலேயே வந்தது. ஆயினும் எண்ணற்ற செயலிகள் தத்தம் பொதிக்குள் அதன் பிரதியைச் சுமந்திருந்தன. எந்தப் பொதிக்குள் உள்ளது என்று தேடவே பல நிறுவனங்களுக்கு வாரக்கணக்காயிற்று.

இவ்விரண்டில் எனக்கு நெருக்கமானது முதலாவது. நான் பணியாற்றிய பத்திரிகையொன்றின் இணையப் பதிப்பில், செய்திப் பக்கமும் மரண அறிவித்தல் பக்கமும் திகதியைத் தமிழில் காட்ட ஒரே நிரலைப் பயன்படுத்தின. செய்திப் பக்கத்தில் திகதி பிழையென்று ஒரு மாலை அதைத் திருத்தினார்கள். செய்திப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வழங்கியில் ஏற்றினார்கள். மற்றைய பக்கமும் அதே நீரை நம்பியிருக்கிறது என்பது திருத்தியவருக்குத் தெரியாது. அன்றிரவு மரண அறிவித்தல் பக்கம் வெறுமையாக இருந்தது. கனடாவிலிருந்து ஒரு பெரியவர் தொலைபேசியில் கேட்டார்: “தம்பி, அக்காவின்ர அறிவித்தல் இன்னும் வரேல்லையே? நாளைக்குக் கிரியை. இஞ்ச சனம் எப்பிடி அறியிறது?”

பழைய நிரலைத் திரும்ப ஏற்றினோம். அறிவித்தல் வந்தது. செய்திப் பக்கத்தின் திகதி மீண்டும் பிழையாயிற்று. அதைப் பற்றி அன்றிரவு எவரும் அழைக்கவில்லை.