இர்குன் நஸா: வலி ஓரிடம், காரணம் வேறிடம்



எங்கள் வாப்பா எப்போதும் முதல் ஸஃப்பில் நின்று தொழுதவர். ஒருநாள் சீமெந்து மூட்டை ஒன்றைத் தூக்கினார். இடுப்பிலிருந்து தொடையின் பின்பக்கமாகப் பாதம் வரை கரண்ட் அடித்ததுபோல் ஒரு வலி இறங்கியது. பிள்ளைகள் நாங்கள் கெண்டைக்காலுக்கு எண்ணெய் தேய்த்தோம். அசையக் கூடாது என்று மூன்று மாதம் கட்டிலில் கிடத்தினோம். எழும்பியபோது கால் மெலிந்திருந்தது. அதன் பிறகு அவர் கதிரையில் இருந்துதான் தொழுதார்.

அன்பினால் நாங்கள் செய்த பிழைகள் இரண்டு. வலித்த இடத்துக்கு வைத்தியம் பார்த்தோம். அவரைப் படுக்கையில் போட்டோம். பிறகு வாசித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இந்த இரண்டு பிழைகளையும் உலகம் எங்களுக்கு முன்னரே நெடுங்காலம் செய்திருக்கிறது.

இந்த நோய்க்கு அரபியில் 'இர்குன் நஸா' என்று பெயர். பலர் இதை 'நிஸா' என்று வாசித்துப் பெண்களின் நோய் என்று நினைக்கிறார்கள். அது பிழை. ஆண், பெண் இருவருக்கும் வருவது இது. 1350இல் மறைந்த இமாம் இப்னுல் கையிம், மற்ற எல்லாவற்றையும் மறக்கச் செய்யும் வலி என்பதால் இந்தப் பெயர் வந்ததாகச் சொல்கிறார். இடுப்பு மூட்டில் தொடங்கித் தொடையின் பின்னால் இறங்கும், சில வேளை கணுக்கால் வரை போகும், நாள் செல்லச் செல்ல இன்னும் கீழே இறங்கும், கால் மெலியும் என்றும் எழுதுகிறார். வாப்பாவின் காலைப் பார்த்துவிட்டு எழுதியதுபோல் இருக்கிறது.

ஆலு இம்ரான் 93ஆம் வசனத்தில், இஸ்ராயீல் தன்மீது தானே தடுத்துக்கொண்ட உணவு பற்றி வருகிறது. நபி யஃகூப் (அலை) அவர்களுக்கு இந்த வலி இருந்தது, அதனால் ஒட்டக இறைச்சியையும் பாலையும் விட்டார்கள் என்று முஃபஸ்ஸிர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். இப்னு மாஜாவில் அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில், நாட்டுப்புற ஆட்டின் வால் கொழுப்பை உருக்கி, மூன்று பங்காக்கி, மூன்று நாள் வெறும் வயிற்றில் குடிக்கச் சொல்லப்படுகிறது. அந்த ஹதீஸை விளக்கும் இப்னுல் கையிம், இது ஹிஜாஸ் மக்களுக்கும் அவர்களை அடுத்து வாழ்ந்தவர்களுக்கும், விசேடமாகக் கிராமத்து அரபிகளுக்கும் உரியது என்கிறார். மருந்தை இடமும் உடலும் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வட்ஸ்அப்பில் வருகிற வைத்தியங்களை அப்படியே அடுத்தவருக்கு அனுப்பும் நாங்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

கிரேக்கர் இதை 'இஸ்கியாஸ்' என்றார்கள், இடுப்பு வலி என்று பொருள். 'சியாட்டிகா' என்ற சொல் அதிலிருந்து வந்ததுதான். ஆயுர்வேதத்தில் இது 'கிருத்ரசி'. நோயாளி கழுகைப் போல் நடப்பதால் அந்தப் பெயர் என்பார்கள். 'இர்க்' என்றால் இரத்த நாளம். ஆக, வலி போகும் பாதையை எல்லோரும் சரியாகவே பார்த்தார்கள். அது எங்கிருந்து புறப்படுகிறது என்பதுதான் பிடிபடவில்லை.

பிடிபடாதபோது நெருப்பை எடுத்தார்கள். கொர்தோபாவின் அஸ்ஸஹ்ராவி (மறைவு 1013) தனது 'அத்தஸ்ரீஃப்' நூலில் இடுப்பு வலிக்குச் சூடு வைக்கும் முறையை எழுதினார். 1465இல் துருக்கியின் அமாசியாவில் ஷரஃபுத்தீன் சபுஞ்சுஓக்லு அதை வர்ணப் படங்களோடு வரைந்து காட்டினார். அன்று கிடைத்த அறிவைக் கொண்டு உழைத்த பெரிய மனிதர்கள் அவர்கள். ஆனால் சூடு விழுந்தது வலித்த இடத்தில்.

1764இல் நேப்பிள்ஸ் நகரின் டொமெனிகோ கொட்டுன்யோ, இடுப்பு மூட்டின் வலி வேறு, நரம்பின் வலி வேறு என்று பிரித்தார். 1880இல் சேர்பிய வைத்தியர் லாசா லாசரெவிச், மல்லாந்து படுத்தவரின் காலை மடக்காமல் மேலே தூக்கினால் வலிப்பது நரம்பு இழுபடுவதால் என்று விளக்கினார். அடுத்த வருடம் பாரிஸில் லாசேக்கின் மாணவர் ஃபோர்ஸ்ட் அதே பரிசோதனையைத் தன் ஆய்வேட்டில் எழுதினார். இன்றும் வைத்தியர் முதலில் செய்து பார்ப்பது இதைத்தான்.

விடை 1934இல் பொஸ்டனிலிருந்து வந்தது. மிக்ஸ்டர், பார் என்ற இரு சத்திரசிகிச்சை நிபுணர்கள், முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் வெடித்து வெளியே பிதுங்கி நரம்பின் வேரை அழுத்துவதால் இந்த வலி வரலாம் என்று காட்டினார்கள். அதுவரை அந்தப் பிதுக்கத்தைக் கட்டி என்று நினைத்து வெட்டியெடுத்து வந்தார்கள். உடலிலேயே பருமனான இந்த நரம்பு, இடுப்பின் கீழ்ப்பகுதியில் ஐந்து வேர்கள் சேர்ந்து உருவாகிறது. அழுத்தம் முதுகில், வலி காலில். பொத்தானை அழுத்துவது அதிபரின் அறையில், மணி ஒலிப்பது வகுப்பறையில் என்பதுபோல.

காரணம் தெரிந்ததும் எல்லாவற்றையும் கத்தியால் தீர்க்கலாம் என்று பலர் நம்பினார்கள். 1994இல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, பாதிப் பேருக்கு மேல் ஒரு டிஸ்க்காவது பிதுங்கியிருந்தது. 1999இல் நெதர்லாந்தில் 183 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். ஒரு பகுதியினர் இரண்டு கிழமை படுக்கையில் இருந்தார்கள், மற்றவர்கள் இருக்கவில்லை. 12 கிழமையில் இரு பகுதியிலும் 87 வீதமானோருக்கு நலம் கிடைத்திருந்தது. படுக்கை எதையும் கூட்டிக் கொடுக்கவில்லை. 2007இல் அதே நாட்டில் கடும் வலியுள்ள 283 பேரை ஆராய்ந்தார்கள். உடனே சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் குறைந்தது. காத்திருந்தவர்களில் 39 வீதமானோர் பிறகு சத்திரசிகிச்சைக்குப் போனார்கள். ஒரு வருடத்தில் இரு சாராரிலும் 95 வீதமானோர் குணமானதாகச் சொன்னார்கள்.

இந்த வரலாற்றிலிருந்து எங்கள் வீடுகளுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை சில. பெரும்பாலானோருக்கு இந்த வலி காலப்போக்கில் தணிகிறது. முடிந்தளவு நடமாடுங்கள். வலி நிவாரணியையும் பயிற்சியையும் வைத்தியரிடம் கேட்டுச் செய்யுங்கள். ஸ்கேன் படத்தை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். ஆனால் சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனால், சிறுநீர் அடைத்துக்கொண்டால், தொடைகளுக்கு நடுவே விறைத்தால், காலில் பலம் குறைந்துகொண்டே போனால், விடியும் வரை கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அன்று இது எங்களுக்குத் தெரிந்திருந்தால், கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து எண்ணெய் தேய்த்த நேரத்தில் வாப்பாவின் கையைப் பிடித்து முற்றத்தில் நாலு எட்டு நடத்தியிருப்போம். திரும்ப ஸஃப்பில் நின்றிருப்பாரா என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். உங்கள் வீட்டில் ஒருவர் இன்று படுத்திருந்தால், மெதுவாக எழுப்பி நடக்க வையுங்கள்.

அல்லாஹ் நோயாளிகள் எல்லோருக்கும் பூரண ஷிஃபாவைத் தருவானாக.