கி.மு. 20: சாமோஸ் தீவுக்கு வந்த இந்தியத் தூதும் குற்றால மலைக் கணவாயும்

கி.மு. 20ஆம் ஆண்டில் உரோமப் பேரரசின் நடுப்புள்ளி உரோம் நகரில் இல்லை. அகஸ்டஸ் சீசர் கிழக்கு மாகாணங்களில் தங்கியிருந்தார். அந்த ஆண்டின் முன்னும் பின்னுமாக வந்த இரண்டு குளிர்காலங்களையும் அவர் ஏஜியன் கடலிலுள்ள சாமோஸ் தீவில் கழித்தார். அதனால் உலக அரசியலின் பெரும் முடிவுகள் அத்தீவிலும் அதைச் சுற்றியும் எடுக்கப்பட்டன.

அவற்றுள் தலையாயது பார்த்தியாவுடனான உடன்பாடு. கி.மு. 53இல் காரேப் போரில் கிராசஸ் தோற்றுக் கொல்லப்பட்டபோது உரோமப் படையின் கொடிச்சின்னங்கள் பார்த்தியர் கையில் சிக்கின. அவற்றை மன்னன் நான்காம் பிராடிஸ் போரின்றித் திருப்பிக் கொடுத்தான். அதே ஆண்டில் ஆர்மீனிய மன்னன் இரண்டாம் ஆர்ட்டாக்சியாஸ் கொலையுண்டான். அகஸ்டஸின் மனைவியின் முதல் மணத்து மகன் டைபீரியஸ் படையோடு சென்று மூன்றாம் டைக்ரேனிசுக்கு முடிசூட்டினார். எகிப்துக்குத் தெற்கே மெரோவே நாட்டை ஆண்ட கண்டகே அரசியின் தூதர்களும் சாமோஸில் அகஸ்டசைக் கண்டு, திறைச் சுமை நீங்கித் திரும்பினர். யூப்ரடீசிலும் நைலிலும் போர் ஓய்ந்த இந்த நேரத்தில்தான் இந்தியத் தூது வந்து சேர்ந்தது.

தமிழக வரலாற்று நூல்களில் இத்தூது பாண்டியனுடையது என்று ஐயமின்றி எழுதுவது வழக்கமாகிவிட்டது. கிரேக்க, இலத்தீன் சான்றுகள் அவ்வளவு எளிதாக அதற்கு இடம் தரவில்லை.

அடிப்படைச் சான்று ஸ்ட்ராபோ. அவர் தம் புவியியல் நூலின் 15ஆம் பகுதியில் இரண்டு இடங்களில் இதைப் பேசுகிறார். முதல் இடத்தில், அகஸ்டசுக்குப் பரிசுகள் அனுப்பிய மன்னனாகப் பாண்டியனைச் சொல்லி, போரஸ் என்ற பெயரையும் அடுத்தே வைக்கிறார். இருவரையும் அவர் எவ்வாறு தொடர்புபடுத்தினார் என்பதில் பதிப்பாசிரியர்களின் பாடங்கள் வேறுபடுகின்றன. இரண்டாம் இடம் விரிவானது. டமாஸ்கஸ் நகரத்து நிக்கோலாஸ் அந்தியோக்கியா அருகே இத்தூதர்களை நேரில் கண்டு எழுதியதன் சுருக்கம் அது. தூதர் பலர் நெடும்பயணத்தில் இறந்துபோக மூவரே எஞ்சியிருந்தனர். அவர்கள் கொண்டுவந்த மடல் தோலில் கிரேக்க மொழியில் எழுதப்பட்டிருந்தது. 600 அரசர்களுக்குத் தலைவனான போரஸ் சீசரின் நட்பை விரும்புகிறான் என்பதும், தன் நாட்டின் வழியே செல்ல அவருக்கு இசைவு தருகிறான் என்பதும் மடலின் செய்தி. கைகளின்றிப் பிறந்த ஓர் ஆள், பத்து முழப் பாம்பு, மூன்று முழ ஆற்றாமை, கழுகினும் பெரிய கவுதாரி ஆகியவை பரிசுகள். உடன் வந்த துறவி ஒருவர் பின்னர் ஏதென்ஸ் நகரில் தாமே தீயில் இறங்கினார். அவருடைய கல்லறை வாசகம் அவரைப் பர்கோசாவைச் சேர்ந்த இந்தியர் என்று குறித்தது.

நிக்கோலாசின் இந்த விவரத்தில் பாண்டிய நாட்டுக்கு உரியதாக எதுவும் இல்லை. போரஸ் என்ற பெயர், கி.மு. 326இல் அலெக்சாந்தரை எதிர்த்த வடமேற்கு இந்திய மன்னனுடையது. பர்கோசா என்பது நருமதை முகத்திலிருந்த பாரிகாசாவாக, அதாவது இன்றைய பரூச்சாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. தோலில் கிரேக்கம் எழுதும் வழக்கத்துக்குப் பாக்ட்ரியப் பகுதியில் கிடைத்த ஆவணங்கள் சான்றாக உள்ளன. பல அரசர்க்கு அரசன் என்று தன்னைச் சொல்லிக்கொள்வதும் வடமேற்கை ஆண்ட சகர், பார்த்தியர் மரபோடு பொருந்துகிறது. மேலைக் கடற்கரைத் துறைகளில் யவன வணிகர் இருந்தமையால் அங்கும் கிரேக்க மடல் எழுத ஆள் கிடைத்திருக்கும் என்று மறுப்பவர் கூறலாம். அது மடலின் மொழிக்கு மட்டுமே விடையாகும்; மன்னன் பெயருக்கும் துறவியின் ஊருக்கும் விடையாகாது.

வரலாற்றாசிரியர் காசியஸ் தியோ, முன்பே நட்புக் கோரியிருந்த இந்தியர்கள் சாமோஸில் உடன்படிக்கை செய்துகொண்டனர் என்கிறார். உரோமர் அதற்குமுன் கண்டிராத புலிகளைப் பரிசுப் பட்டியலில் சேர்க்கிறார். முன்பே என்ற குறிப்பு கவனத்துக்குரியது. ஒரோசியஸ், சாமோஸுக்குச் சில ஆண்டுகள் முன்னரே ஸ்பெயினின் தாராக்கோவில் இந்தியத் தூதர் வந்ததைக் கூறுகிறார். இந்திய மன்னர்களிடமிருந்து தூதுகள் அடிக்கடி வந்தன என்று அகஸ்டஸே தம் சாதனைக் கல்வெட்டில் பன்மையில் பதித்தார். புளோரஸ் சொல்லும் பரிசுகளோ வேறு: யானைகள், மணிகள், முத்துகள். அவற்றைக் கொண்டுவந்தவர்கள் சூரியனுக்கு நேர்கீழே வாழ்பவர்கள் என்றும், வழிப்பயணத்துக்கே நான்கு ஆண்டுகள் ஆயின என்றும் அவர் எழுதுகிறார். முத்தும் தென்திசைக் குறிப்பும் ஒருங்கே வரும் இச்செய்தி நிக்கோலாஸ் கண்ட தூதுக்குப் பொருந்தாது, பாண்டியனுக்குப் பொருந்தும். ஆகவே அகஸ்டஸ் காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இந்தியத் தூதுகள் சென்றன; ஸ்ட்ராபோ அவற்றுள் இரண்டின் நினைவை ஒரே வாக்கியத்தில் கலந்துவிட்டார் என்று கொள்வதே சான்றுகளை முரணின்றி நிறுத்தும் விளக்கம்.

பாண்டியன் பெயர் ஸ்ட்ராபோவின் காதுக்கு எட்டியதற்கு வணிகமே போதிய காரணம். எகிப்தின் மியோஸ் ஹார்மோஸ் துறையிலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குச் செல்வதாக அவரே எழுதுகிறார். பின்னர், கி.பி. முதல் நூற்றாண்டில், எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ் என்ற கடல்வழி நூல் முசிறியைச் சேரனுக்கும், அதற்குத் தெற்கே 500 ஸ்டேடியம் தொலைவிலுள்ள நெல்கிண்டாவைப் பாண்டியனுக்கும் உரியதாகச் சொல்கிறது. மிளகு பக்கரே துறைக்குத் தோணிகளில் வருவதையும், அத்துறைக்குரிய பாண்டியன் கடலிலிருந்து வெகுதொலைவில் உள்நாட்டு மதுரையில் இருப்பதையும் பிளினி குறிக்கிறார். மதுரையில் இருந்துகொண்டு மேலைக் கடற்கரையில் துறைமுகம் வைத்திருப்பவனுக்கு மலையைக் கடக்கும் வழி கட்டாயம் வேண்டும். அகஸ்டஸ் காலத் தூது பற்றிய ஆய்வுகள் கப்பலை மட்டுமே கணக்கில் எடுத்து, இந்தத் தரைவழியைக் கண்டுகொள்ளாமல் விட்டது பெரிய குறை.

தென்காசியும் குற்றாலமும் இங்கேதான் வரலாற்றுக்குள் வருகின்றன. குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசியைத் தொட்டு ஓடி, பழைய முக்கூடலான சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேர்கிறது. தாமிரபரணியின் கழிமுகத்தில் கொற்கை. பெரிப்ளூஸ் கொற்கை முத்துக்குளிப்பைப் பாண்டியன் உடைமையாகச் சொல்கிறது. தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு அது நடந்தது என்றும் கூறுகிறது. அதே நூல் மேலைக் கடற்கரைத் துறைகளின் ஏற்றுமதிப் பட்டியலில் மிளகு, தந்தம் ஆகியவற்றோடு மிகுந்த முத்துகளையும் வைக்கிறது. கீழைக்கடல் முத்து மேலைக்கடல் சந்தைக்குக் குமரியைச் சுற்றியும் போயிருக்கலாம். ஆனால் ஆற்றங்கரையை ஒட்டியே மேற்கு நோக்கி நடந்து, செங்கோட்டைக்கு அப்பால் ஆரியங்காவுக் கணவாயில் மலையைக் கடக்கும் வழியும் இருந்தது. எடை குறைந்த, விலை உயர்ந்த சரக்குக்குத் தரைவழியே தக்கது. மதுரையிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கு வழியே ஏறும் பாதை நெல்கிண்டாவுக்கு நேரானதுதான். எனினும் கொற்கைச் சரக்குக்கு அது சுற்று. தெற்கே ஆரல்வாய்மொழி வழி நாஞ்சில் நாட்டில் போய் இறங்குகிறது. கொற்கையையும் நெல்கிண்டாவையும் இணைக்கத் தென்காசி வாயிலே இயல்பான வழி. 1904இல் கொல்லம்–செங்கோட்டை இருப்புப்பாதையைப் போட்டவர்களும் இந்த இடைவெளியையே தேர்ந்தார்கள்.

இவ்வழி எப்போதும் பாண்டியன் கையில் இருந்ததில்லை. பொதியில் மலைப்பகுதி ஆய் வேளிருக்கு உரியது. புறநானூறு போற்றும் ஆய் அண்டிரன் யானைக்கொடைக்குப் பெயர்பெற்றவன். தூதுப் பரிசில் யானையும் முத்தும் சேர்ந்து வருவதை எண்ணினால், மலைக்குரியவரும் கடற்றுறைக்குரியவரும் இணங்கியிருந்த அரசியலே அதற்குப் பின்னால் தெரிகிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய தாலமி, நெல்கிண்டாவை மெல்கிண்டா என்ற வடிவில் பாண்டியனிடமிருந்து பிரித்து ஆய் நாட்டின் கீழ் வைக்கிறார். பிளினிக்கும் தாலமிக்கும் இடையே மேலைத் துறை கைமாறிவிட்டது. கணவாயை ஆண்டவர்கள் துறையையும் பெற்றார்கள் என்பதே இதற்குப் பொருத்தமான காரணம். வடக்கிலிருந்து படை வந்தபோது பாண்டியர் இதே வாயிலைத்தான் நாடினர் என்பதற்குப் பிற்காலச் சான்றும் உண்டு: மதுரையை இழந்த பின்னர் அரிகேசரி பராக்கிரம பாண்டியன் தென்காசியைத் தலைநகராக்கி, 1446இல் காசி விசுவநாதர் கோயிற்பணியைத் தொடங்கினான்.

தாமிரபரணியின் கீழ்ப்பகுதியில் ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை அகழாய்வுகள் நடந்துள்ளன. கொற்கைக் கரித்துண்டு கி.மு. 785 என்ற காலக்கணிப்பைத் தந்தது. தென்காசி மாவட்டத்தில் வாசுதேவநல்லூர் வட்டாரத்துத் திருமலாபுரத்தில் இரும்புக்காலத் தாழிகள் வெளிப்பட்டுள்ளன. மலையடிவாரத்தில் மக்கள் தொன்றுதொட்டு வாழ்ந்தார்கள் என்பதற்கு இதுவே போதும். சிற்றாற்றுக் கரையிலிருந்து செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் வரையிலான பாதையை ஒரே தொடராகத் தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து மேற்பரப்பாய்வு செய்ய வேண்டும். யவன மட்கலமோ நாணயமோ இவ்வழியில் கிடைத்தால் தரைவழி பற்றிய கருத்து உறுதிப்படும். அதுவரை பாடநூல்கள் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. கி.மு. 20இல் சாமோஸில் நின்ற தூதரைப் பாண்டியனின் தூதர் என்று எழுதுவதை விட்டுவிட்டு, அகஸ்டஸ் காலத்தில் சென்ற இந்தியத் தூதுகளுள் பாண்டியனுடையதும் ஒன்று என்று எழுத வேண்டும்.