மார்க் கேட்ஸ்பி

மார்க் கேட்ஸ்பி (1683–1749) இங்கிலாந்து நாட்டு இயற்கையியலாளர், ஓவியர். வட அமெரிக்காவின் தாவரங்களையும் விலங்குகளையும் வண்ணப் படங்களுடன் விரிவாக விளக்கிய முதல் நூலை வெளியிட்டவர். முறையாக ஓவியம் கற்காத இவர், நூலின் 220 படத் தகடுகளில் பெரும்பாலானவற்றைத் தம் கையாலேயே செதுக்கினார். அவர் வரைந்த சில பறவைகள் இன்று உலகில் இல்லை. அதனால் அப்படங்கள் வரலாற்றுச் சான்றுகளாகவும் மதிக்கப்படுகின்றன.

இளமை

கேட்ஸ்பி எசெக்ஸ் பகுதியில் பிறந்து, அருகிலுள்ள சட்பரி நகரில் வளர்ந்தார். தந்தை ஜான் கேட்ஸ்பி வழக்கறிஞர். புகழ்பெற்ற இயற்கையியலாளர் ஜான் ரே, மருந்தாளரும் தாவர ஆர்வலருமான சாமுவேல் டேல் ஆகியோர் வாழ்ந்ததும் இதே வட்டாரம்தான். செடிகொடிகளைத் தேடிச் சேகரிக்கும் ஆர்வம் அங்கே பரவியிருந்த சூழலில் கேட்ஸ்பி இளமையைக் கழித்தார்.

முதல் பயணம்

கேட்ஸ்பியின் தமக்கை எலிசபெத், மருத்துவரான கணவர் வில்லியம் காக்குடன் வர்ஜீனியாவில் வாழ்ந்துவந்தார். 1712-இல் கேட்ஸ்பி அங்கே சென்று ஏழு ஆண்டுகள் தங்கினார். இடையில் ஜமைக்காவுக்கும் போய்வந்தார். திட்டமிட்ட ஆய்வு எதையும் அக்காலத்தில் அவர் மேற்கொள்ளவில்லை. கண்ணில் பட்ட செடிகளையும் விதைகளையும் இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தார். சாமுவேல் டேல் வழியாக அவை அறிஞர்களின் பார்வைக்கு வந்தன. 1719-இல் நாடு திரும்பியபோது அவர் பெயர் ஓரளவு அறிமுகமாகியிருந்தது.

கரோலினாவிலும் பகாமாவிலும் நான்கு ஆண்டுகள்

தாவரவியலாளர் வில்லியம் ஷெரார்ட், மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன் முதலியோர் பணம் திரட்டி அவரை மீண்டும் அமெரிக்காவுக்கு அனுப்பினர். தென் கரோலினாவின் ஆளுநர் பிரான்சிஸ் நிக்கல்சன் ஆண்டுக்கு 20 பவுண்டு தர முன்வந்தார். 1722 மே மாதம் கேட்ஸ்பி சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இறங்கினார்.

கடலோரச் சதுப்பு நிலங்களிலிருந்து உள்நாட்டுக் காடுகள் வரை அவர் நடந்து திரிந்தார். ஓவியப் பெட்டியைச் சுமக்கவும் வேட்டையாடவும் செவ்விந்தியர்கள் துணைபுரிந்தனர். செடிகளைப் பறித்த உடனேயும், பறவைகளைக் கூடுமானவரை உயிருடன் இருக்கும்போதும் வரைந்தார். நீரை விட்டு எடுத்ததும் மீனின் நிறம் மங்கிவிடும் என்பதால், ஒரே வகையில் பல மீன்களை அடுத்தடுத்துப் பிடித்து வரைந்தார்.

ஸ்டோனோ என்ற இடத்தில் மண்ணைத் தோண்டியபோது மிகப்பெரிய பற்கள் சில கிடைத்தன. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் அவற்றைப் பார்த்ததும் யானையின் கடைவாய்ப் பற்கள் என்று ஒருமித்துக் கூறினர். கேட்ஸ்பி அதைத் தம் நூலில் பதிவு செய்தார். உண்மையில் அவை யானை இனத்தைச் சேர்ந்த, அழிந்துபோன மாமூத்தின் பற்கள். ஐரோப்பிய அறிஞர்களுக்குத் தெளிவாவதற்கு முன்பே அடிமைகள் அதைச் சரியாக இனங்கண்டிருந்தனர்.

1725-இல் பகாமாத் தீவுகளுக்குச் சென்ற கேட்ஸ்பி, மறு ஆண்டு இங்கிலாந்து திரும்பினார்.

நூல் உருவான விதம்

படங்களை அச்சிடச் செப்புத் தகட்டில் செதுக்க வேண்டும். தேர்ந்த செதுக்குநர்கள் கேட்ட கூலியைக் கொடுக்க அவரிடம் பணமில்லை. எனவே ஜோசப் கூப்பி என்ற ஓவியரிடம் அந்தத் தொழிலை அவரே கற்றார். மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் கோடு கீறி, அமிலத்தால் அக்கோடுகளை அரிக்கச் செய்யும் முறை அது. தொழில்முறைச் செதுக்குநர்கள் நிழல் காட்டக் குறுக்குக் கோடுகள் இடுவார்கள். கேட்ஸ்பியோ இறகு படிந்திருக்கும் திசையிலேயே கோடுகளை இட்டார். அச்சான பின் ஒவ்வொரு படியும் கையால் வண்ணம் தீட்டப்பட்டது.

வயிற்றுப்பாட்டுக்காக அவர் லண்டனைச் சுற்றியிருந்த நாற்றுப் பண்ணைகளில் வேலை செய்தார். பீட்டர் காலின்சன் என்ற வணிகர் வட்டியில்லாக் கடன் கொடுத்து உதவினார். நூல், பகுதிக்கு 20 படங்களாகத் தவணை முறையில் 1729 முதல் வெளிவந்தது. வண்ணம் தீட்டிய பகுதி ஒன்றின் விலை 2 கினி. முதல் தொகுதி 1731-ஆம் ஆண்டையும் இரண்டாம் தொகுதி 1743-ஆம் ஆண்டையும் தாங்கி வந்தன. 1747-இல் பின்னிணைப்பு வெளிவந்ததும் பணி நிறைவுற்றது. 'கரோலினா, புளோரிடா, பகாமாத் தீவுகளின் இயற்கை வரலாறு' என்னும் அந்நூலின் உரை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அமைந்தது. நாடு திரும்பிய பின் இதற்காக அவர் உழைத்தது ஏறத்தாழ இருபது ஆண்டுகள்.

படங்களின் சிறப்பும் குறையும்

அக்காலப் பறவைப் படங்களில் பெரும்பாலும் பறவை ஒரு பட்ட கிளையில் தனித்து நிற்கும். கேட்ஸ்பி பல பறவைகளை, அவை உணவு தேடும் அல்லது தங்கும் மரம் செடிகளோடு சேர்த்து வரைந்தார். கரோலினாக் கிளி சைப்ரஸ் மரக்கிளையில் அமர்ந்திருக்கிறது. பயணிப் புறா ஓக் இலையின் மேல் நிற்கிறது.

குறைகளும் உண்டு. பூநாரையின் தலைக்குப் பின்னால் கடல் விசிறி போன்ற பவளம் மரம்போல் நிற்கிறது. காட்டெருமைக்குப் பக்கத்தில் உள்ள பூங்கொத்து அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கிறது. சில உருவங்கள் ஜான் ஒயிட் என்ற முந்தைய ஓவியரின் படங்களிலிருந்து எடுத்தவை. தாம் ஓவியராகப் பயின்றவர் அல்லர் என்பதை முன்னுரையில் கேட்ஸ்பியே ஒப்புக்கொள்கிறார்.

வலசை பற்றிய கருத்து

குளிர்காலத்தில் பறவைகள் குகைகளிலோ நீருக்கடியிலோ உறங்குகின்றன என்று பலர் அப்போது நம்பினர். 1725 செப்டம்பரில், பகாமாவின் ஆண்ட்ரோஸ் தீவருகே படகின் மேல்தளத்தில் படுத்திருந்த கேட்ஸ்பி, நெற்பயிரை உண்ணும் சிறு பறவைகள் தலைக்கு மேல் பறந்து செல்லும் ஒலியை மூன்று இரவுகள் தொடர்ந்து கேட்டார். சிறு பறவைகளும் இரவில் கடல் கடக்கின்றன என்பதற்கு அது நேரடிச் சான்றாயிற்று. 1747 மார்ச் மாதம் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்ட அவரது கட்டுரை, பறவைகள் உறங்குவதில்லை, வெப்பமான நாடுகளுக்கு வலசை போகின்றன என்று வாதிட்டது. அச்சங்கத்துக்கு அவர் 1733-இலேயே உறுப்பினராகத் தேர்வாகியிருந்தார்.

மறைவும் பின்விளைவும்

நூல் முடிந்த இரண்டே ஆண்டுகளில், 1749 டிசம்பர் 23 அன்று கேட்ஸ்பி லண்டனில் காலமானார். 1758-இல் லின்னேயஸ் பல அமெரிக்கப் பறவைகளுக்கு அறிவியல் பெயர் சூட்டியபோது கேட்ஸ்பியின் படங்களையும் விளக்கங்களையும் ஆதாரமாகக் கொண்டார். மூல நீர்வண்ண ஓவியங்களை 1768-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் வாங்கினார். அவை இன்றும் விண்ட்சர் கோட்டையில் உள்ளன. பெரிய அமெரிக்கத் தவளை ஒன்றின் அறிவியல் பெயரும் ஒரு லில்லி மலரின் அறிவியல் பெயரும் அவரை நினைவூட்டுகின்றன.

அவர் கூட்டங்கூட்டமாகக் கண்ட பயணிப் புறாக்களில் கடைசிப் பறவை 1914-இல் சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் இறந்தது. கூண்டில் வாழ்ந்த கடைசிக் கரோலினாக் கிளியும் 1918-இல் அங்கேயே இறந்தது. தந்த நிற அலகு கொண்ட பெரிய மரங்கொத்தியைக் கண்டதற்கு 1944-க்குப் பிறகு எல்லோரும் ஏற்கும் சான்று கிடைக்கவில்லை. அதன் ஓர் அலகுக்கு வடபகுதிச் செவ்விந்தியர்கள் இரண்டு மூன்று மான்தோல்களை விலையாகத் தந்தனர் என்று கேட்ஸ்பி எழுதியுள்ளார். காடுகள் அழிந்ததும் வேட்டை பெருகியதும் இப்பறவைகளின் முடிவுக்குப் பெரிதும் காரணமாயின. அவை நிறைந்து வாழ்ந்த காலத்தில், அவற்றின் மரங்களோடு சேர்த்து நேரில் கண்டு வரைந்த மிகப் பழைய படங்களாகக் கேட்ஸ்பியின் ஓவியங்கள் நிற்கின்றன.